ஓபன் பேக்

காதுல மாட்டியிருக்கறத ஒரு நிமிஷம் எடுங்க தம்பி. உங்களத்தானுங்க. கைய ஆட்டிக் கூப்பிட்டாத்தான் நிமிந்து பாப்பீங்களாட்டம் இருக்குது. ஒண்ணுமில்லீங்க, நம்பியூர் வந்தா ஒரு சத்தம் குடுங்க. நான் இந்த வழியில எப்பவும் பைக்குலதான் போவேன், பஸ்ஸுல உக்காந்தா ஸ்டாப்பு அடையாளமே தெரியறதில்ல. நீங்க கோபி வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு.

வேண்டாம், திருப்பி மாட்டாதீங்க. இன்னும் அன்னூரே வரலை. என்ன கேட்டுட்டு வந்தீங்க, பாட்டுங்களா? சம்சாரம் அனுப்புன வாய்ஸ் மெசேஜா! கல்யாணம் ஆயி எத்தன நாளாச்சுங்க? ஆறு மாசம். அதானே பாத்தேன். ஆறு மாசத்துல அவங்க பேச்சக் கேக்கறதுக்கு ஹெட்போன் மாட்டுவோம். இருவது வருசம் ஆகட்டும், அவங்க பேச்சக் கேக்காம இருக்கறதுக்கு மாட்டுவோம். சிரிக்காதீங்க, அனுபவஸ்தன் சொல்றேன்.

மடியில என்ன பெட்டின்னு பாக்கறீங்க. இதும் ஹெட்போன்தானுங்க. இதக் கொண்டு போயி என்ற சம்சாரம் கலாமணிகிட்டக் காட்டி, அவளக் கூட்டிட்டு வரலாம்னு போறேன். அம்மா வீட்டுக்குப் போயி இன்னியோட பதினெட்டு நாள். நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. தப்பு என்ற மேல இல்லீங்க. தப்பு முழுக்க ஹெட்போன் மேல. நீங்க படிச்சவராட்டம் இருக்கீங்க, முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

என்ற பேரு திருமூர்த்தி. பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில டெஸ்டிங் பெஞ்சுல இருக்கேன், இருவத்தி மூணு வருசமா. தண்ணி மோட்டார ஓட்டி விட்டு, பக்கத்துல நின்னு கேட்டாப் போதும். பேரிங் கோளாறா, ரோட்டர் உரசுதா, எங்கியாச்சும் போல்ட்டு லூசா, பட்டுனு சொல்லிருவேன். அதுக்கு மெஷின் இருக்குதுங்க. ஆனா மெஷின் ரிப்போர்ட்டக் கையில வெச்சுட்டே எங்க மேனேஜர், "திருமூர்த்தி என்ன சொல்றாரு?"ன்னு கேப்பாரு. அத்தன பேரு கத்தற ஷெட்டுக்குள்ள, இத்துனூண்டு முனகல் இருந்தாலும் புடிச்சிருவேன். அப்பிடிப்பட்ட காது இது. இந்தக் காதப் பாத்து ஒருத்தி, "உங்களுக்கு நான் கூப்பிட்டாக் கேக்கறதில்ல"ன்னா எப்பிடிங்க இருக்கும்?

எங்களுக்கு ஒரே பொண்ணு, நிரஞ்சனா. காலேஜுக்குச் சென்னைக்குப் போறப்ப பழைய கம்ப்யூட்டர விட்டுட்டுப் போனா. சும்மா கெடக்குதேன்னு அதுல ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தேன். நாலு பேரு ஒரு டீமுங்க. துப்பாக்கி எடுத்துட்டு ஒரு தீவுல எறங்கோணும், கடைசி வரைக்கும் உசுரோட இருக்கற டீமுதான் ஜெயிக்கும். அந்த ஆட்டத்துல கண்ண விடக் காதுதான் முக்கியம். எதிரி எந்தப் பக்கமிருந்து வர்றான்னு காலடிச் சத்தத்த வெச்சுத்தான் சொல்லோணும். சொல்லுங்க, என்ற காதுக்கு அது அல்வா மாதிரி இல்லீங்களா? மூணே மாசத்துல நான்தான் எங்க டீமுக்குத் தலைவர். தேனியில முகைதீன்னு ஒரு பல் டாக்டர் இருக்கறாரு. பகல் பூரா பல்லுப் புடுங்கறவரு, பொழுதோட ஆறரை மணியானா என்ற பின்னாடி துப்பாக்கியத் தூக்கிட்டு வருவாரு. "அண்ணே சொன்னா சரியா இருக்கும்"ம்பாரு. வீட்டுல அப்பிடி ஒரு வார்த்த சொல்றதுக்கு யாரிருக்காங்க?

ஆறரையில இருந்து எட்டரை வரைக்கும் ஆட்டம். அப்பறம் ஒரு மணி நேரம் பழைய பாட்டு. பாட்டு ஓடறப்பவே சாப்பாடு. அவ்வளவுதானுங்க. குடிக்கறதில்ல, சீட்டாடறதில்ல. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வெளிய சுத்தறதில்ல. கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கற புருசன் எத்தன பேருக்குங்க வாய்க்கும்?

அப்ப இருந்தது மூடுன ஹெட்போன். காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கிண்ணத்தக் கவுத்த மாதிரி. அது மாட்டியிருந்தா அவ சமையல்கட்டுல இருந்து "ஏனுங்"னு கூப்பிடறது கேக்காது. கேக்கலீன்னா என்ன பண்ணோணும்? கிட்ட வந்து தோளத் தொட்டா முடிஞ்சுது. அதச் செய்ய மாட்டா. ஒரு தடவ தொட்டதுக்கு "ஆட்டத்துல செத்துப் போயிட்டேன் உன்னால"ன்னு நான் கத்திட்டனாம். அத மனசுல வெச்சுட்டு, அடுத்த நாள்ல இருந்து ரூம் லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுவா. அணைப்பா, போடுவா. அணைப்பா, போடுவா. கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு தோத்துது. நான் கண்டுக்காம ஆடுனேன். என்ன, ஸ்க்ரீன்லதான் வெளிச்சம் இருக்குதே.

அப்பறம் சீட்டு எழுத ஆரம்பிச்சா. ஆமாங்க, காலண்டர் தாளக் கிழிச்சுப் பின்னாடி எழுதி, கம்ப்யூட்டர் அடியில ஒட்டி வெச்சுட்டுப் போயிருவா. எங்க வீட்டுல எல்லாமே எழுத்து மூலமாத்தான், சர்க்கார் ஆபீஸ் மாதிரி. "சாப்பாடு ரெடி." "கேஸ் புக் பண்ணவும்." "நிரஞ்சனா பேசினாள், உங்களைக் கேட்டாள்." ஒரு நாள் பாக்கறேன், "எனக்குக் காய்ச்சல்"னு ஒரு சீட்டு. நான் அதப் பாக்கறப்போ அவளுக்குக் காய்ச்சலே விட்டுப் போயிருந்துச்சு. தேதி போட்டு எழுதோணுமா இல்லீங்களா? மொட்டையா எழுதி ஒட்டுனா நான் என்னன்னு எடுத்துக்கறது?

அன்னூர் வந்துருச்சுங்களா? சரி சரி. டீ வேணுமுங்களா? வேண்டாமா. அப்பக் கேளுங்க.

ஆடி வெள்ளிக்கெழம. பரண் மேல இருக்கற பெரிய குத்துவெளக்க எடுக்கறேன்னு ஸ்டூல் போட்டு ஏறியிருக்கறா. என்னக் கூப்பிட்டிருந்தா நான் எடுத்துக் குடுத்திருக்க மாட்டனா? கூப்பிட்டாளாமா. நான் வரலியாமா. தானே ஏறிட்டா, ஸ்டூல் சாஞ்சு உளுந்துட்டா. எடது கை மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. காலு ஸ்டூலுக்கடியில மாட்டிக்கிச்சு, எந்திரிக்க முடியல. அப்பிடியே கெடந்து நாப்பது நிமிஷம் கூப்பிட்டேங்கறா. அதுதானுங்க எனக்கு ஆத்தாமையா இருக்குது. அந்த ஆட்டமே மொத்தம் முப்பத்தி ரெண்டு நிமிஷம். ஸ்க்ரீன்ல டைம் வருது, ஆதாரம் இருக்குது. நாப்பது எங்கிருந்து வந்துச்சு?

கடைசியில கீழ் வீட்டு சரோஜினியக்காவுக்குக் கேட்டு மேல ஏறி வந்திருக்கறாங்க. வந்தவங்க நேரா மெயின் சுவிட்ச அணைச்சுப் போட்டாங்க. ரெண்டு டீமுதான் பாக்கி இருந்துச்சு தம்பி. ரெண்டே ரெண்டு. அணைக்காம இருந்திருந்தா மொத எடம் எங்களுக்குத்தான். ரெண்டாவது எடத்தோட போச்சு. அத இன்னிக்கு வரைக்கும் அந்தக்கா ஒரு வார்த்த வருத்தமாச் சொல்லலை.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. மாவுக்கட்டுப் போட்டாங்க. மூணாம் நாள் சீட்டு வந்துச்சு. வலது கை நல்லா இருக்குதே, எழுத வர்ற கையி. "இனி இந்த வீட்டில் ஓபன் பேக் ஹெட்போன்தான். நிரஞ்சனா சொன்னாள். பட்ஜெட்டுக்குள் நல்லதாகவே கிடைக்கிறதாம்."

ஓபன் பேக்.

இங்கதானுங்க கதையே. நான் எங்க வேல பாக்கறேன்? கம்பெனியில. கம்பெனிக்கு பேரிங் எதுல வருது? பேக்குல. சீல் வெச்ச பேக்கு. சீல் ஒடஞ்சிருந்தா அதுக்கு நாங்க என்ன பேரு சொல்லுவோம்? ஓபன் பேக்கு. வாங்கவே மாட்டோம், அப்பிடியே திருப்பி அனுப்பிருவோம். பாத்தீங்களா? யாரோ வாங்கி, பிரிச்சு, வேண்டாம்னு திருப்பிக் குடுத்தத எனக்கு வாங்கிக்கச் சொல்றாளேன்னு ரோசமாப் போச்சு. சம்பாதிக்கற புருசன் காதுக்கு எவனோ மாட்டிக் கழட்டுன சாமான். இருந்தாலும் கை ஒடிஞ்சவ கேக்கறா. சரி, மனசு கோணக் கூடாதுன்னு அதயும் பொறுத்துக்கிட்டேன். என்ற பெருந்தன்மைய யாரு பாத்தாங்க?

அடுத்த நாளே காந்திபுரத்துல ஒரு கடைக்குப் போயி, "ஓபன் பேக் ஹெட்போன் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். அந்தக் கடைக்காரரும் என்னைய மாதிரிதான். "இருக்குதுங்க, ஒரு கஸ்டமர் பெட்டியப் பிரிச்சுட்டு வேண்டாம்னு குடுத்துட்டாரு, கேரண்டி உண்டு"ன்னு ஒண்ண எடுத்து வெச்சாரு. மாட்டிப் பாத்தேன். ஆஹா! வெளிச் சத்தத்த உள்ளயே விடாதாம், சுவிட்ச் ஒண்ணு தட்டுனா ஊரே ஊமையாயிரும். ரோட்டுல பஸ்ஸு போறது கண்ணுக்குத் தெரியுது, சத்தம் கேக்கலை. கடைக்காரரு வாயசைக்கறாரு, ஒண்ணும் கேக்கலை. சம்சாரம் சொன்ன மாதிரியும் ஆச்சு, எனக்குப் புடிச்ச மாதிரியும் ஆச்சுன்னு சந்தோசமா வாங்கிட்டு வந்தேன்.

நாலு நாளு. சொர்க்கமுங்க. அஞ்சாம் நாளு ஆட்டம் முடிச்சு, பாட்டு முடிச்சுக் கழட்டிப் பாக்கறேன், வீடே இருட்டா இருக்குது. கம்ப்யூட்டர் அடியில சீட்டு. "நாலு தடவை சொன்னேன். அம்மா வீட்டுக்குப் போகிறேன். தோசை மாவு ஃபிரிட்ஜில்."

நாலு தடவ சொன்னாளாமா! பின்னாடியே நின்னு சொல்லியிருக்கறா. தோச மாவு இருக்குதுன்னு எழுதியிருக்காளே, அப்பக் கோவமில்லன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நீங்களாயிருந்தாலும் அப்பிடித்தானுங்களே நெனப்பீங்க? மாவு மூணு நாளைக்கு வந்துச்சு. மாவு தீந்த அன்னிக்குப் போன் பண்ணுனேன்.

அவ எடுத்ததும் ஒரே அழுக. "வேணும்னே செஞ்சீங்க. நான் என்ன எழுதிக் குடுத்தேன், நீங்க என்ன வாங்கிட்டு வந்திருக்கீங்க? என்ற குரலு காதுல உளுகவே கூடாதுன்னு தேடிப் புடிச்சு வாங்கியிருக்கீங்க"ங்கறா. "நீ சொன்ன மாதிரிதான் ஓபன் பேக்கு, பிரிச்ச பேக்கு"ன்னேன். பல்லக் கடிச்சுட்டுச் சொல்றா, "பேக்னா முதுகுங்க. முதுகு! முதுகு திறந்திருக்கோணும்!" நான் அப்ப சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டிருக்கேன். "முதுகு திறந்ததா கேக்கறே?"ன்னு சத்தமாக் கேட்டுப்போட்டேன். பக்கத்துல நின்ன அம்மிணி சேலத் தலைப்ப இழுத்துப் போத்திட்டு ரெண்டடி தள்ளிப் போயிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க தம்பி. தோள்ல மாட்டற பைக்கும் பேக்குங்கறோம், கட்டுக்கும் பேக்குங்கறோம், முதுகுக்கும் பேக்குங்கறோம். தமிழ்ல எழுதுனா எல்லாம் ஒரே எழுத்து. இதுல நான் எதக் கண்டேன்? பக்கத்துல ஒரு முதுகுப் படம் போட்டிருந்தா இத்தன கூத்து நடந்திருக்குமுங்களா?

என்னமோ சொல்ல வர்றீங்க, இருங்க, முடிச்சர்றேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம கிராஸ்கட் ரோட்டுல வேற ஒரு கடைக்குப் போனேன். மாடியில, ஹெட்போன் மட்டுமே விக்கற கடை. பெஞ்சமின்னு ஒருத்தரு, என்ற வயசுதான் இருக்கும். அவருக்குச் சரியாப் புரிஞ்சுது. "காதுக்கு வெளிப்பக்கம் மூடி இருக்காதுங்க, சல்லட மாதிரி இருக்கும். காத்து உள்ளயும் வெளியயும் போகும். உள்ள பாடறது பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கும், வெளிய பேசறது உங்களுக்குக் கேக்கும்"னாரு. "அப்பறம் அதுக்கு எதுக்குங்க ஹெட்போன்? சும்மா இருந்தாலே வெளிய பேசறது கேக்குமே"ன்னேன். அந்தாளு என்ன ஏற இறங்கப் பாத்துட்டு, "சும்மா இருந்தாக் கேக்குதுங்களா?"ன்னு கேக்கறாரு. குசும்பு புடிச்ச ஆளு.

பட்ஜெட்டச் சொன்னேன். ஆட்டத்துக்கும் வேணும், பாட்டுக்கும் வேணும், ஒரே சாமான்ல ரெண்டும் நடக்கோணும்னேன். மூணு எடுத்து வெச்சாரு. நான் சும்மா வாங்கறவனா? பரீட்ச வெச்சேன். பாட்டப் போட்டுட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவேன், அவரு கதவுகிட்ட நின்னு "ஏனுங்"னு கூப்பிடோணும். மொத தடவ மைக் செட்டுக்காரன் மாதிரிக் கத்துனாரு. "அப்பிடி இல்லீங்க. மெதுவா. அடுப்புல கை வேலையா இருக்கறப்ப கூப்பிடற மாதிரி. மொத எழுத்து லேசா, கடைசியில சித்த இழுத்து. கோவமில்லாம, ஆனா கோவம் வரப் போகுதுங்கற மாதிரி"ன்னு சொல்லிக் குடுத்தேன். நாலாவது தடவையில புடிச்சுட்டாரு. அப்பறம் கேக்கறாரு, "அவங்க கூப்பிடறத இவ்வளவு துல்லியமா வெச்சிருக்கீங்களே, அப்பறம் எப்பிடிங்க கேக்காமப் போச்சு?" கஸ்டமர்கிட்டக் கேக்கற கேள்வியாங்க இது?

மொதலாவது பாதி திறந்ததாமா. மேளச் சத்தமெல்லாம் திம்முனு நல்லா எறங்குச்சு. ஆனா "ஏனுங்" கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. தள்ளிட்டேன். ரெண்டாவது பெரிய ஆளு. காதுல வெல்வெட்டுத் தலையண, கழட்டவே மனசு வரலை. ஆனா முந்நூறு ஓமாம், கம்ப்யூட்டர்ல நேரா மாட்டுனா சத்தம் வராதாம். அதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கோணுமாமா. ஓம்னா என்னன்னு எனக்கே பாடம் எடுக்கறாரு, இருவத்தி மூணு வருசமா காயில் ரெசிஸ்டன்ஸ் பாக்கறவனுக்கு! அதயும் தள்ளுனேன். மூணாவதுதானுங்க இது. முப்பத்திரெண்டு ஓம், எதுல மாட்டுனாலும் பாடும். எடை காத்து மாதிரி, காது வேகாது. மைக்கு இதோட வராது, பழைய மைக்க மேசையில வெச்சுக்கலாம். மேளத்துல கொஞ்சம் சத்துப் பத்தாது, அத ஒத்துக்கறேன். ஆனா பாட்டு தலைக்குள்ள அடஞ்சு கெடக்காம வெளிய எறங்கி நின்னுச்சு. வயலின் அந்த மூலையில, தபேலா இந்த மூலையில. நடுவுல, முதுகுக்குப் பின்னாடி, தெளிவா ஒரு "ஏனுங்".

தூக்கி வாரிப் போட்டுச்சு தம்பி. ஒரு நொடி அவளேதான்னு நெனச்சுத் திரும்பிட்டேன். பாத்தா பெஞ்சமின் நிக்கறாரு, மீசையோட. "இதக் கட்டிக் குடுங்க"ன்னுட்டேன்.

புளியம்பட்டி தாண்டிருச்சுங்களா? நேரம் போனதே தெரியலை. நீங்க நல்லாப் பேசறீங்க தம்பி.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு வாரம் ஆடுனேன். ஆட்டத்துல காலடி எங்க வருதுன்னு வெரல் வெச்சுச் சொல்லலாம், அத்தன விஸ்தாரம். அதுக்கு மேல வீட்டுச் சத்தமும் கேக்குது. ஃபிரிட்ஜு உறுமறது, கொழாயில சொட்டுற தண்ணி, சரோஜினியக்கா கீழ குக்கர் வெக்கறது. எல்லாம் கேக்குது. சமையல்கட்டுல இருந்து மட்டும் ஒரு சத்தமும் வரலை. வருமுன்னு காதத் தீட்டி வெச்சுட்டே ஆடுனேன், ஏழு ஆட்டம் தொடர்ந்து தோத்தேன். ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. வீடு அவ்வளவு வெறுமையா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

அப்பத்தான் அந்த பல் டாக்டர் ஒரு நாளு, "அண்ணே, ரெண்டு வாரமா மதினி சத்தத்தையே காணோமே, ஊருக்குப் போயிருக்காகளா?"ங்கறாரு. "உங்களுக்கு எப்பிடிங்க அவ சத்தம் தெரியும்?"னேன். "என்னண்ணே, தெனம் உங்க மைக்குல கேக்குமே. 'ஏனுங், ஏனுங்'னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாக. நாங்க மூணு பேரும் அதக் கேட்டுக்கிட்டேதானே ஆடுவோம்"ங்கறாரு. அதோட விட்டாரா? "அன்னைக்கு வெள்ளிக்கெழம அவுக அலறுனப்பக்கூட நான் சொன்னேனேண்ணே, யாரோ விழுந்துட்ட மாதிரி இருக்கு, போய்ப் பாருங்கன்னு. நீங்கதான் என் சத்தத்த அணைச்சுப் போட்டீக"ங்கறாரு.

தேனிக்குக் கேட்டிருக்குது பாருங்க. பல்லுப் புடுங்கற ஆளுக்கு இதெல்லாம் எதுக்குங்க? ஆட்டத்துல கவனம் வேண்டாமா?

நேத்துப் பொழுதோட அவளுக்குப் போன் பண்ணி, முதுகு திறந்தத வாங்கிட்டேன், வந்து கூட்டிட்டு வர்றேன்னேன். அவ நம்பலை. "நாளைக்குக் காத்தால பஸ்ஸுக்கு வாங்க. நான் நம்பியூர் ஸ்டாப்புல வந்து நிக்கறேன். பஸ்ஸு நின்னதும் கூப்பிடறேன். கேட்டு எறங்குனா உங்களோட வர்றேன். எறங்கலீன்னா நீங்க அப்பிடியே போயிருங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்"ங்கறா. எனக்கு டெஸ்டிங் வெக்கறாளாமா! டெஸ்டிங் பெஞ்சுக்காரனுக்கே! அதும் காதுல ஒண்ணுமே மாட்டாம வர்றவனுக்கு. இதெல்லாம் ஒரு பரீட்சையாங்க? ஷெட்டுக்குள்ள நாப்பது மோட்டாரு ஓடறப்ப ஒரு பேரிங் முனகறது கேக்குது, பொண்டாட்டி கூப்பிடறது கேக்காதா?

என்னங்க தம்பி, ஜன்னலத் தட்டறீங்க? வெய்யிலுங்களா? கண்ணாடியச் சாத்திருங்க. இருங்க இருங்க, இனிமேதான் முக்கியமான எடம். நீங்க நம்பியூர் ஆளில்லையே? அவ சொந்தக்காரங்க யாரும் உங்களுக்குத் தெரியாதில்ல? அப்பக் கிட்ட வாங்க, ஒண்ணு சொல்றேன். நான் இத இன்னும் யாருகிட்டயும் சொல்லலை.

அன்னிக்கு மொத "ஏனுங்" எனக்குக் கேட்டுச்சுங்க.

மூடுன ஹெட்போன்தான். ஆனா அந்த நேரம் ஆட்டத்துல ஒரு புதர்ல ஒளிஞ்சு படுத்திருந்தோம், சத்தமே இல்ல. நல்லாக் கேட்டுச்சு. ஒரு நிமிஷம் ஆகட்டும், இதா வர்றேன்னு மனசுக்குள்ளயே சொல்லிட்டேன். மனசுக்குள்ள சொன்னது அவளுக்கு எப்பிடிங்க கேக்கும்? ரெண்டாவது "ஏனுங்"கும் கேட்டுச்சு. அப்பறம் திம்முனு ஒரு சத்தம். ஆட்டத்துல குண்டு வெடிச்சுதாக்கும்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனச்சுக்கிட்டேனா, அது தெரியலை. மூணாவது தடவ கூப்பிட்டப்பத்தான் சவுண்ட ஏத்தி வெச்சேன்.

கை ஒடிஞ்சு கெடக்கறான்னு கண்டனா தம்பி? கேஸ் புக் பண்ணச் சொல்றாளாக்கும்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில அவ கேட்டா, "நெசமாவே கேக்கலீங்களா?"ன்னு. ஹெட்போன் மூடுனது, கேக்கலைன்னு சொல்லிட்டேன். அவ நம்பிட்டா. நம்புனதாலதான் முதுகு திறந்தத வாங்குங்கன்னு எழுதுனா. பாவம்.

பயமா இருக்குதுங்க இந்தப் பெட்டியப் பாத்தா. இத மாட்டுனதுக்கப்பறம் கேக்கலைன்னு சொல்ல முடியாதில்ல? இன்னிக்கு அவ எறங்கச் சொல்லிக் கூப்பிட்டதும் எறங்கி, மொத வார்த்தையா இதச் சொல்லிரோணும்னு இருக்கேன். ஆமாங்க, கேட்டுச்சுன்னு. அவ என்னைய அடிச்சாலும் சரி.

காலச் சித்த ஒதுக்குங்க, யாரோ எறங்கறாங்க. என்ன கூட்டமுங்க இது, பேசவே விட மாட்டேங்கறாங்க. ம், வண்டி கெளம்பிருச்சு. இனி நிம்மதியாப் பேசலாம். அந்தக் கைய ஆட்டறத நிறுத்திட்டு வாயில சொல்லுங்க தம்பி, என்னதான் வேணும் உங்களுக்கு?

நம்பியூரா? எது? இப்ப நின்னதா?

அட ஏனுங்க சொல்லலை? சொன்னீங்களா? மூணு தடவையா?

பச்சச் சேலையா? எடது கையில கட்டா? அவதானுங்க. அவளேதானுங்க. எங்க நின்னா? இந்த ஜன்னலுக்குக் கீழயா? நான் சாத்தச் சொன்னனே, இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமா? கூப்பிட்டாளா? எப்பிடிக் கூப்பிட்டா? மொத எழுத்து லேசா, கடைசியில சித்த இழுத்தா?

நீங்க கேட்டீங்களா? உங்களுக்குக் கேட்டுச்சா?

எனக்குக் கேக்கலீங்களே. தம்பி, நெசமாவே கேக்கலீங்க. இந்தத் தடவ நெசமாவே கேக்கலை. இதப் போயி நான் யாருகிட்டச் சொன்னா நம்புவாங்க?

கண்டக்டர்! ஏனுங் கண்டக்டர்! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க! ஏனுங்! முன்னாடி நிக்கற ஐயா! ஏனுங்!

பாருங்க தம்பி அந்தாள. தொண்ட கிழியக் கூப்பிடறேன், திரும்புறாரான்னு பாருங்க. காதுல ஒண்ணும் மாட்டலை, எட்டடி தூரந்தான். கேக்காதுங்களா? அதெல்லாம் நல்லாக் கேக்கும். ஒரு நிமிஷம் ஆகட்டும்னு நிக்கறாரு.